தோள் வரைக்கும் ஒரு சடை

அவர் பெயரை நான் சொல்வதில்லை. கட்டிய நாளிலிருந்து சொன்னதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘அப்பாசாமி, வயது 51, ரோலர் டிரைவர்’ என்று எழுதியிருந்தது, நீங்கள் அதை வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் பூங்காவனம். இந்தப் பெயரை வைத்தவர்கள் என் வாயைக் கேட்டுவிட்டு வைத்திருந்தால் வேறு எதையாவது வைத்திருப்பார்கள்.

1957 மே மாதம். மலாக்காவில் செமாபோக் பக்கம் புதுத் தார் போட்டு, அதன் மேல் ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே வலது பக்கம் சாய்ந்துவிட்டார். ரோட்டு ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலாயுதமும் ஆட்களும் கல் லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாரிச வாயு. வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்ல வந்து, அவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் கால் கொஞ்சம் திரும்பியது. கம்பை ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேச்சு மட்டும் ஒரே ஒரு சொல்லாகச் சுருங்கிப்போயிருந்தது. எதைக் கேட்டாலும் “சரி.” தண்ணீர் வேணுமா? சரி. வேண்டாமா? சரி. வலிக்குதா? சரி. இருபத்து மூன்று வருஷத்தில் என் பேச்சுக்கு அவர் இத்தனை சரி சொன்னதே இல்லை. முன்பு என்றால் சிரித்திருப்பேன்.

கை மட்டும் வரவில்லை. பாயில் அவர் பக்கத்தில் இன்னொருத்தர் கையைக் கொண்டுவந்து வைத்ததுபோல் கிடந்தது.

ஜூன் மாதம் மண்டோர் வேலாயுதம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“அக்கா, நான் ஒண்ணும் ஒளிக்க மாட்டேன். லீவு மூணு மாசந்தான். ஆகஸ்டு இருபத்திரண்டு மெடிக்கல் போர்டு. கை பிடிச்சிச்சுன்னா ஸ்டோர் கேட்டுல ஜாகாவா காவலுக்குப் போட்டுறலாம், நான் ஆபீஸ் கிராணிகிட்ட பேசிட்டேன். சங்கிலி போட்டுப் பூட்டணும், திறக்கணும், அதுக்கு ரெண்டு கை வேணுமில்ல? கை பிடிக்கலைன்னா போர்டு அவுட், வேலை போயிரும். வீட்டையும் விட்டுறணும்.”

“விட்டுட்டு எங்க போறதாம்?”

“ஊருக்குத்தான். இப்ப நிறையப் பேரு கப்பல் ஏறிக்கிட்டு இருக்காங்கக்கா. மெர்டேக்கா வந்து வெள்ளைக்காரன் போயிட்டா எப்படி இருக்குமோன்னு...”

“உங்க அண்ணன் கப்பல்ல ஏறிப் போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்? இருந்தவனெல்லாம் செத்தாச்சு.”

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன்தான், கெட்ட செய்தியைச் சுமந்துவந்ததற்காக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு ஊர் என்றால் இந்தக் காஜா பெராங்தான். இங்கேதான் மயானத்தில் என் பெண் கிடக்கிறாள். அவளைப் பற்றி நான் பேசுகிற வழக்கம் இல்லை. சொல்லித்தான் ஆகவேண்டிய இடம் வரும்போது சொல்கிறேன். அவளை விட்டுவிட்டு எந்தக் கப்பலிலும் ஏற முடியாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி. அங்கே ஒரு மிஸ்ஸி, நர்ஸுதான், சிவகாமசுந்தரி என்று பெயர். பெயரைக் கேட்டதும் தமிழில் பொரிந்து தள்ளினேன். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், நம்ம சாமியைத்தான் கும்பிடுகிறவர்கள், பேச்சு மட்டும் மலாய். அதனால் அவள் மலாயில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

“கை சாகலை அக்கா. தலைக்குத்தான் கைக்குப் போற வழி மறந்துபோச்சு. வெறுமனே பிடிச்சு நீட்டி மடக்கினா பத்தாது. பிக்கிர் டூலு. முதல்ல நினைக்கணும், அப்புறந்தான் அசையும்.”

சண்டையில் அடிபட்ட சோல்ஜர்களைப் பார்த்த ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாளாம். தினம் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கைக்குப் பழகின ஒரு வேலையை மனசுக்குள் செய்ய வேண்டும். தூரத்தில் நின்று பார்க்கிறதுபோல் நினைத்தால் பிரயோஜனம் இல்லை. சாமான் கையில் இருக்கிறதுபோல், அதன் சூடும் கனமும் தெரிகிறதுபோல் நினைக்க வேண்டும். அவரால் பேச முடியாததால் பக்கத்தில் ஒருத்தர் இருந்து அந்த வேலையைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும்.

“இவர் கை ரொம்ப ஆசையாச் செஞ்ச வேலை எது?” என்று கேட்டாள்.

“ரோலர்தான்,” என்றேன். அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மிஸ்ஸி அவரிடம் குனிந்து, “ரோலரா?” என்றாள். அவர் “சரி” என்றார்.

அன்றிலிருந்து தினம் மத்தியானம் மூன்று மணிக்குப் பாடம். நான் ரோலரில் ஏறினவளா? மண்டோர் வேலாயுதத்தைக் கூப்பிட்டு எது சக்கரம், எது லீவர், எதை எந்தக் கையால் பிடிக்கிறது என்று கேட்டு மனப்பாடம் பண்ணினேன். அவர் கண்ணை மூடிப் படுத்திருப்பார். நான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பிப்பேன். “ஸ்டோர் கேட்டு திறந்தாச்சு. சக்கரத்தை வலது கையால பிடிங்க. இரும்பு சுடுது. இடது பக்கம் ஒடிங்க. காஜா பெராங் ரோட்டுக்கு வந்தாச்சு. முன்னால ஒரு சைக்கிள்காரன் போறான், மெதுவா...” இப்படியே உஜோங் பாசிர் வரைக்கும் ரோலரைக் கொண்டுபோய்விட்டுத் திரும்புவேன். அடுத்த வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு வேண்டியதை வேண்டிய அளவு கொடுத்தேன். அப்புறம் அந்த ஜன்னல் மூன்று மணிக்குத் திறப்பதில்லை.

ஐந்து வாரம் ஓட்டினேன். மலாக்காவில் நான் தார் போடாத ரோடு பாக்கி இல்லை. கை அசையவில்லை. சில நாள் கோபம் தலைக்கேறி, “நினைக்கிறீங்களா, தூங்குறீங்களா?” என்று கத்துவேன். “சரி” என்பார்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி கட்டைவிரல் அசைந்தது.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மறுபடியும் அசைந்தது. ஓவென்று அழுதுவிட்டேன். மறுநாள் இன்னும் சத்தமாக, இன்னும் வேகமாக ரோலரை ஓட்டினேன். ஆள்காட்டி விரலும் சேர்ந்து அசைந்தது. கஞ்சி ஊற்றும்போது பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன். மண்டோரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “போர்டு நம்ம கையில அக்கா,” என்றார்.

ஏழாம் தேதி மழை. கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடியதில் மூன்று மணி தாண்டிவிட்டது. உள்ளே வந்தபோது அவர் எனக்காகக் காத்திருக்காமல் கண்ணை மூடியிருந்தார். வலது கை வயிற்றின் மேல் இருந்தது. விரல்கள் தானாக அசைந்துகொண்டிருந்தன.

ஈரத்துணியோடு நின்று பார்த்தேன். சக்கரத்தைப் பிடிக்கிறவன் முழுக்கையால் பிடிப்பான். இது நுனிவிரல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ மெல்லிசாக எடுத்தன. நடுவிரல் அதன் மேலே தாண்டிப் போனது. பிறகு மூன்றும் சேர்ந்து கீழே இழுத்தன, வலிக்காமல், மெதுவாக. மறுபடியும் எடுத்தன, தாண்டின, இழுத்தன. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சடை பின்னிக்கொண்டிருந்தார்.

இதுதான் அந்த இடம். சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே பெண், சந்திரமதி. மதி என்று கூப்பிடுவோம். என் கை கொஞ்சம் வேகம். நான் சீப்பை எடுத்தால் அவள் வீட்டைச் சுற்றி ஓடுவாள். தலைவாருவது, சிக்கெடுப்பது, பின்னுவது எல்லாம் அப்பாதான். காலையில் வேலைக்குப் போகும் முன்னால் அவளை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு பின்னுவார். கல்லும் தாரும் பிடிக்கிற கை, அந்தத் தலையில் மட்டும் பூனை மாதிரி நடக்கும். ஜப்பான்காரன் காலத்தில் ரிப்பனுக்கு எங்கே போவது? பழைய கைலியைக் கிழித்து முடிந்துவிடுவார். அவளுக்கு முடி தோள் வரைக்கும்தான். ஆனாலும் இடுப்பு வரை தொங்குகிறதுபோல் ஆட்டிக்கொண்டு திரிவாள்.

அவளுக்கு ஆறு வயதாகும்போது ஜப்பான்காரன் அவரைச் சயாம் காட்டில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அன்று காலையிலும் பின்னிவிட்டுத்தான் போனார்.

“அப்பா வந்துதான் பின்னணும்” என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். என்னைத் தலையைத் தொட விடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். சடை அவிழ்ந்து, சிக்குப் பிடித்து, பேன் விழுந்து புழுத்தது. நான் பகலெல்லாம் மரவள்ளிக் காட்டில் மண் வெட்டிவிட்டு வருகிறவள். ஒரு நாள் சாயங்காலம் சீப்பை எடுத்தேன், அவள் என் கையைக் கடித்தாள். எனக்கு வெறி வந்துவிட்டது. முழங்காலால் அவளை அமுக்கிக்கொண்டு கத்திரிக்கோலை எடுத்து ஒட்ட வெட்டிவிட்டேன்.

அவள் அழவில்லை. இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா?” என்று கேட்டாள்.

பத்து நாளில் காய்ச்சல் வந்தது. அதற்கு அப்புறம் ஒன்பது நாள்தான் இருந்தாள். பார்க்க வந்தவர்கள், காய்ச்சலுக்காக முடியை எடுத்தாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஊரே அதை நம்பியது.

அவர் 45 கடைசியில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். காய்ச்சலில் போய்விட்டாள் என்றேன், அவ்வளவுதான். அவர் ஒரு தடவை ‘மதி’ என்று வாயெடுத்தபோது நான் போட்ட கூச்சலில், அப்புறம் அந்தப் பெயரை எடுக்கவே இல்லை. வெட்டியது அவருக்குத் தெரியாது. அவர் மனசில் அந்தச் சடை அன்று காலையில் முடிந்த மாதிரியே இருக்கிறது. ஐந்து வாரமாக நான் ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தபோது அவர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பாயில் அமுக்கினேன். “வேண்டாம்! இது வேண்டாம்! ரோலரை நினைங்க!” அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “சரி” என்றார்.

கை நின்றுவிட்டது. அடுத்த நாளும் அசையவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் தொண்டை வறளச் செமாபோக் வரைக்கும் போய்வந்தேன், ஒரு விரல் துடிக்கவில்லை. பதிமூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

“போன வாரம் பிடிச்ச கை இது. என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலை.”

“எதையோ பிடுங்கிட்டீங்க அக்கா. இவர் எதை நினைச்சுக்கிட்டிருந்தாரோ அதைத் திருப்பிக் கொடுங்க. அது என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாம். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு.”

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். கை வரட்டும் என்று ஒரு மனசு, வராமலே கிடக்கட்டும் என்று இன்னொரு மனசு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படியும் நினைத்தேன். ஆனால் வீட்டை விட்டு, நாட்டை விட்டு, அவளையும் விட்டுவிட்டு...

பதினாறாம் தேதி மூன்று மணிக்கு அவரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். அவருக்கு முதுகைக் காட்டி அவர் காலுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்துவிட்டேன். எனக்கு இடுப்பு வரைக்கும் முடி, பாதி நரைத்துப்போயிருந்தது. வாய் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“மதி வந்திருக்கா,” என்றேன். “பின்னி விடுங்க.”

ரொம்ப நேரம் கழித்து இடது கை என் தலையில் பட்டது. அப்புறம், கனமாக, மரக்கட்டைபோல் வலது கை வந்து தோளில் விழுந்தது. விரல்கள் தேடின. முடியை மூன்றாகப் பிரிக்க எவ்வளவு நேரமானதோ தெரியாது. நழுவும், மறுபடியும் எடுப்பார். நான் அசையவில்லை. என் தலையை இத்தனை வருஷத்தில் அவர் தொட்டதில்லை. இவ்வளவு மெதுவாக ஒருத்தர் முடியைத் தொட முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் ஏன் என்னிடம் வராமல் ஓடினாள் என்பதும் தெரிந்தது.

தோளுக்கு வந்ததும் கை நின்றது. இல்லாத கைலித் துண்டால் ஒரு முடிச்சுப் போட்டார். இறுக்கினார். லேசாக ஒரு தட்டுத் தட்டினார். முடிந்தது. மிச்ச முடி அதற்குக் கீழே அப்படியே அவிழ்ந்து தொங்கியது. அது அவர் கண்ணிலேயே படவில்லை.

“மதி,” என்றார்.

மூன்று மாதத்தில் அவர் சொன்ன இரண்டாவது சொல். நான் திரும்பினேன். அவர் தரையைக் காட்டினார், கண்ணை மூடித் திறந்தார், தலையைச் சாய்த்தார். வாய் படாத பாடுபட்டது. “போ... போறப்ப... சடை?”

கடைசியில் யார் பின்னிவிட்டது என்று கேட்கிறார். பன்னிரண்டு வருஷமாக உள்ளே வைத்திருந்த கேள்வி அது. அந்த விரல்கள் என் தோளில் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. நிஜத்தைச் சொன்னால் அவை நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். நான் யாருக்கும் பயந்து பொய் சொல்கிறவள் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லித்தான் ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டேன்.

“நான்தான் பின்னினேன்,” என்றேன். “சிக்கில்லாம எண்ணெய் வச்சு, வலிக்காம. நீங்க முடியற மாதிரியே கைலித் துண்டால முடிஞ்சுவிட்டேன். அப்பா வந்தா அடையாளம் தெரியணும்னு சொன்னா. அப்படியே இருந்தா, நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே.”

“சரி,” என்றார். இந்தத் தடவை அது சரிதான்.

அந்த ஆறு நாளும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர் பின்னினார், நான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது கேட்பார். என்ன சட்டை? பூ வைத்தாயா? நான் மல்லிகைப்பூ வைத்தேன், பச்சைப் பாவாடை கட்டினேன், கண்ணுக்கு மை இட்டேன். கை தேறிக்கொண்டே வந்தது. இருபத்திரண்டாம் தேதி, பெட்டியெல்லாம் கட்டி ஊருக்குப் புறப்பட இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டரும் உள்ளூர் டாக்டர் ஒருவரும் போர்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரிய பூட்டைக் கொடுத்தார்கள். அவர் கண்ணை மூடினார். விரல்கள் எடுத்தன, தாண்டின, இழுத்தன. சாவி திரும்பியது. லைட் டூட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே மண்டோர் வேலாயுதம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீங்க தெய்வம் அக்கா,” என்றார். நான் கையை உருவிக்கொண்டேன்.

வீடு எங்களுக்கே நின்றது. மெர்டேக்கா வந்தது, கொடி ஏறியது. அவர் ஸ்டோர் கேட்டில் ஜாகா. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, கம்பைச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “மதி... சொல்லு” என்கிறார்.

தினமும் சொல்கிறேன். எண்ணெய் வைக்கிறேன், சிக்கெடுக்கிறேன், பின்னுகிறேன். நிஜமாகக் கையில் இருக்கிறதுபோல் நினைத்தால்தானே சொல்ல வரும், அதனால் நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆனால் நான் நினைக்கிற சடை என் விரலுக்கு வருவதில்லை. வாய் ஒரு பக்கம் பின்னிக்கொண்டிருக்கும்போதே, மடியில் கிடக்கிற என் வலது கையில் கட்டைவிரலும் நடுவிரலும் இரும்பு வளையத்தில் மாட்டியதுபோல் விரிகின்றன, சேர்கின்றன, விரிகின்றன, சேர்கின்றன. அவர் கண் திறப்பதற்குள் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, “பின்னி முடிச்சாச்சு,” என்கிறேன்.